மொழி தெரிந்த வெளிநாடு

கேள்வி: நாங்கள் மலேசியாவில் பட்டர்வொர்த்காரர்கள். என் கணவர் மின்னணுத் தொழிற்சாலையில் இன்ஜினியர். அவருடைய கம்பெனி இரண்டு வருஷப் பணிக்காக ஸ்ரீபெரும்புதூருக்கு அனுப்பியிருக்கிறது. ஜூன் மாதம் எட்டு வயது மகனோடு வந்து சேர்ந்தோம். போரூரில் வாடகை வீடு, மூன்றாவது மாடி. இதற்கு முன் சீனாவில் சூச்சோவில் ஒன்றரை வருஷம் இருந்தோம். அங்கே ஒரு வார்த்தை தெரியாமலே குடும்பம் நடத்தினேன். இங்கே தமிழ் பேசும் ஊர், பாட்டியின் ஊர் என்று ஆசையாக வந்தேன். என் பாட்டி சின்னப் பெண்ணாக நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறியவர். ஆனால் மூன்று மாதத்தில் ஓய்ந்துவிட்டேன். ப்ளம்பர் "நாளைக்கு வரேன்" என்று சொல்லி ஒன்பது நாள் ஆகிறது. வீட்டுக்காரம்மா கேட்காமல் உள்ளே வந்துவிடுகிறார். "ஏன் ஒரே பிள்ளை", "நீங்க என்ன ஆளுங்க" என்று கேட்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் வங்கியில் வேலை பார்த்த நான், காய்கறி வாங்கக்கூட ஓடிபிக்காகக் கணவருக்கு போன் போட வேண்டியிருக்கிறது. அவர் காலை ஏழு மணிக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வருகிறார், வாரத்தில் ஆறு நாள். மகன் பேசும் தமிழைப் பள்ளியில் கேலி செய்கிறார்கள். டிசம்பரில் மகனைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடலாமா? சூச்சோவில் வராத அழுகை இங்கே ஏன் வருகிறது? நான் பலவீனமானவளா?

(பெயர் வெளியிட வேண்டாம், போரூர்)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பலவீனமானவர் இல்லை. மொழி தெரியாத ஊரில் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் சமாளித்தவர், மூன்று மாதத்தில் பலவீனமாகிவிட முடியாது. சூச்சோவில் வராத அழுகை போரூரில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் புரிந்தால் பாதி பாரம் இறங்கும் என்று நம்புகிறேன்.

வேலைக்காக இடம் மாறி வருகிற குடும்பங்களுக்குச் சென்னையில் பதினாறு வருஷமாக மனநல ஆலோசனை சொல்லி வருகிறேன். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு வரும் கொரிய, ஜப்பானியக் குடும்பங்கள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. அவர்களுக்கும் வெயில், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் கஷ்டம்தான். ஆனால் என் முன்னால் உட்கார்ந்து உடைந்து அழுதவர்களை எண்ணிப் பார்த்தால், மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த தமிழர்களே அதிகம். கொரியப் பெண்மணி விமானம் ஏறும்போதே வெளிநாட்டுக்குப் போகிறோம் என்று மனதைக் கட்டிக்கொண்டு ஏறுகிறார். நீங்கள் வீட்டுக்குப் போகிறோம் என்று ஏறினீர்கள்.

சூச்சோவில் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், "எனக்கு மொழி தெரியவில்லை, அவருக்கு நான் சொன்னது புரியவில்லை" என்று நினைத்துக்கொண்டு நகர்ந்திருப்பீர்கள். மொழி தெரியாதது அங்கே உங்களுக்குக் குடையாக இருந்தது. இங்கே அந்தக் குடை இல்லை. ஒவ்வொரு சொல்லும் காதில் விழுகிறது, ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் தெரிகிறது. ஆனால் நீங்கள் எடுத்துக்கொள்ளும் அர்த்தம் பட்டர்வொர்த் அர்த்தம். சொன்னவர் மனதில் இருப்பது போரூர் அர்த்தம். இரண்டும் மோதும்போது, மொழி தெரியவில்லை என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள வழியில்லை. நம்மை மதிக்கவில்லை, ஏமாற்றுகிறார்கள், வேண்டுமென்றே செய்கிறார்கள் என்றுதான் மனம் போகிறது.

வணிக ஆய்விலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 1996இல் ஷானா ஓகிரேடி, ஹென்றி லேன் என்ற இருவர், அமெரிக்காவுக்குள் கடை விரிக்கப் போன கனடா நிறுவனங்களை ஆராய்ந்தார்கள். பக்கத்து நாடு, ஒரே மொழி, ஒரே மாதிரி மக்கள் என்று நம்பிப் போன நிறுவனங்களில் பெரும்பாலானவை அங்கே நிலைக்கவில்லை. நெருக்கம் என்ற நினைப்பே வித்தியாசங்களைக் கவனிக்க விடாமல் செய்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. நிறுவனங்களுக்கே அப்படியென்றால் தனி மனுஷியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதே அனுபவம் தலைகீழாக எனக்கு நடந்திருக்கிறது. என் கணவரின் வேலைக்காக நான் மலேசியாவில் கிள்ளானில் நான்கு வருஷம் இருந்தேன். குடிபோன இரண்டாவது நாள், பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தமிழர். ஆசையாகப் போய்ப் பேசினேன். ஐந்தாவது நிமிஷம், "வாடகை எவ்வளவு குடுக்கறீங்க?" என்று கேட்டேன். அவர் கையில் இருந்த குழாய் அப்படியே ஒரே தொட்டியில் நின்றது. மண் நிரம்பித் தண்ணீர் தரையில் வழிந்தது. "ஓகே லா, அது பரவால்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாம்பலத்தில் நான் வளர்ந்த தெருவில் புதிதாகக் குடிவந்தவரிடம் வாடகை எவ்வளவு என்று கேட்பது, உங்களை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்ற அக்கறை. அவருக்கோ நான் அவர் குடும்பத்தின் எடையைப் போட்டுப் பார்ப்பதாகத் தோன்றியிருக்கிறது. தீபாவளிக்குக் கதவைத் திறந்து வைத்து எல்லோரையும் அழைக்கும் திறந்த இல்ல உபசரிப்பின்போது அவரே சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் ஏழு மாதம் போய்விட்டது.

அதனால் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். "நம் ஊருக்கு வந்திருக்கிறேன்" என்ற நினைப்பைக் கொஞ்ச காலம் எடுத்து வையுங்கள். "வெளிநாட்டுக்கு வந்திருக்கிறேன், நல்ல வேளையாக மொழி தெரியும்" என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டி ரஜுலாவில் ஏறியபோது மனதில் கட்டி எடுத்துப் போன தமிழ்நாடு வேறு. அந்த ஊரைக் கதை கதையாக உங்களுக்கு ஊட்டியிருக்கிறார். அந்த ஊர் போரூர் சிக்னலில் கிடைக்காது. பாட்டியின் கிராமத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், கட்டாயம் போங்கள். ஆனால் இப்போது வேண்டாம். இந்த மனநிலையில் போய், அங்கே தெரிந்தவர் யாரும் இல்லாமல், பழைய வீடும் இல்லாமல் திரும்பினால் தாங்காது. வீடும் வாழ்க்கையும் இங்கே கொஞ்சம் படிந்த பிறகு, பொங்கல் விடுமுறையில் மூன்று பேருமாகப் போங்கள்.

சரி, ஒவ்வொன்றாக வருகிறேன்.

ப்ளம்பர் சொன்ன "நாளைக்கு" என்பதை நீங்கள் தேதியாக எடுத்துக்கொண்டீர்கள். அவர் அதை மரியாதையாகச் சொன்னார். "முடியாது" என்று முகத்துக்கு நேராகச் சொல்வது இங்கே உறவை வெட்டுவது போல. அதனால் "உங்க வேலையை நான் மறுக்கல" என்பதைத்தான் "நாளைக்கு வரேன் மேடம்" என்று சொல்கிறார். அவர் கையில் ஐந்தாறு வேலை இருக்கும். எங்கேயாவது ஒரு அப்பார்ட்மென்ட்டில் மோட்டார் நின்றுவிட்டால் இருபது வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. உங்கள் வீட்டில் சொட்டும் குழாய் அன்றைக்குப் பின்னால் போய்விடும்.

நிஜமாக வரப்போகிறவரை எப்படிக் கண்டுபிடிப்பது? வருகிறவர் திருப்பிக் கேள்வி கேட்பார். "எந்த டேப் மேடம்? சிங்க்கா பாத்ரூமா? எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க?" என்பார். கேள்வியே கேட்காமல் "நாளைக்கு வரேன்" என்று மட்டும் சொன்னால், அது உபசார வார்த்தை. அப்போது நீங்கள் கேள்வியைக் கொடுக்க வேண்டும். குழாயைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "வருவீங்களா?" என்று கேட்காமல், "காலையில பத்து மணிக்கா, சாப்பாட்டுக்கு அப்புறமா?" என்று கேளுங்கள். காலை ஒன்பதுக்கு ஒருமுறை போன் போடுங்கள். இதைத் தொல்லையாக யாரும் நினைக்க மாட்டார்கள். இங்கே ஞாபகப்படுத்துவது கேட்பவரின் பொறுப்பு என்றுதான் பழக்கம். இன்னொன்று, உங்கள் கட்டடத்து வாட்ச்மேனைக் கேளுங்கள். எந்த ப்ளம்பர் இப்போது எந்த மாடியில் இருக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

என்னிடம் வந்த ஒரு ஜப்பானியப் பெண்மணி சின்ன நோட்டு ஒன்று வைத்திருந்தார். கேன் தண்ணீர் போடுகிறவர், எலக்ட்ரீஷியன், இஸ்திரி வண்டிக்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், ஆக்டிங் டிரைவர், ஆளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொருவரும் எப்போது வருவதாகச் சொன்னார், எப்போது வந்தார் என்று இரண்டு கட்டம். மூன்று மாதம் எழுதினார். கேன்காரர் "பத்து நிமிஷம்" என்றால் நாற்பது நிமிஷம், எலக்ட்ரீஷியன் "மதியம்" என்றால் நான்கரை மணி, இஸ்திரிக்காரர் சொன்னால் சொன்னபடி. அந்தக் கணக்கு தெரிந்ததும் அவருடைய கோபம் வடிந்துவிட்டது. யாருக்காகக் காத்திருக்க வேண்டும், யாருக்காகக் காத்திருக்காமல் கடைக்குப் போய்வரலாம் என்று அவருக்கே தெரிந்தது. பன்னிரண்டு வருஷம் வங்கியில் கணக்குப் பார்த்த உங்களுக்கு இது கை வந்த வேலை.

வீட்டுக்காரம்மா விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம்தான். 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வீட்டு உரிமையாளர் உள்ளே வருவதற்கு 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். உங்கள் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா என்று கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் சட்டத்திலிருந்து பேச்சை ஆரம்பிக்காதீர்கள். ஆரம்பித்தால் இரண்டு வருஷமும் படிக்கட்டில் முகம் கொடுக்க முடியாது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவர் கீழ் வீட்டில் தனியாக இருக்கிறார், வரும்போது ரசமோ கீரையோ கொண்டுவருகிறார். வேவு பார்க்க வருவதாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்த முறை கதவைப் பாதி திறந்து, வாசலிலேயே நின்று, சிரித்துக்கொண்டே, "இப்ப கொஞ்சம் வேலையா இருக்கேம்மா, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்க, காபி குடிக்கலாம்" என்று சொல்லுங்கள். அதில் மறுப்பும் இருக்கிறது, அழைப்பும் இருக்கிறது. நேரம் குறித்துச் சொல்வது முக்கியம். நான்கைந்து முறை இப்படிச் சொன்னால் அவரே கீழிருந்து போன் செய்துவிட்டு வருவார். அவரிடம் ஒரு சாவி இருந்தால், "என்கிட்டயே இருக்கட்டும்மா, அவசரம்னா நானே குடுத்துட்டுப் போறேன்" என்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் கேள்விகள். "ஏன் ஒரே பிள்ளை?", "சம்பளம் எவ்வளவு?", "மாமியார் கூட இல்லையா?" இவையெல்லாம் நான் கிள்ளானில் கேட்ட வாடகைக் கேள்வியின் அக்கா தங்கைகள். கேட்பவர் பதிலுக்காகக் கேட்பதைவிடப் பக்கத்தில் உட்காரக் கேட்கிறார். "ஒண்ணே போதும்னு இருக்கோம்க்கா. உங்க பிள்ளைங்க என்ன பண்றாங்க?" என்று திருப்பிவிட்டால் அடுத்த அரைமணி நேரம் அவர் பேசுவார், நீங்கள் கேட்கலாம்.

"என்ன ஆளுங்க?" என்பது அந்த வகை இல்லை. அது சாதியைக் கேட்கும் கேள்வி. "சொந்த ஊர் எது?" "ஊர்ல எந்தத் தெரு?" என்றும் சுற்றி வரும். ஒரு ஊரின் எல்லாப் பழக்கத்துக்கும் வந்தவர் பழகிக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதற்கு நீங்கள் பழக வேண்டாம், பதிலும் சொல்ல வேண்டாம். "எங்க பாட்டி நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினாங்கன்னுதான் தெரியும்க்கா. அதுக்கு மேல நாங்க கேட்டுக்கறதில்ல" என்று ஒரே குரலில், சிரிக்காமல், கோபப்படாமல் சொல்லுங்கள். இரண்டாம் முறை கேட்டாலும் அதே வாக்கியம். மகனிடமும் இதைச் சொல்லி வையுங்கள், அவனிடமும் கேட்பார்கள். கேட்டவரின் மனம் புண்படுமோ என்ற கவலை இந்த ஒரு இடத்தில் உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் நிறுத்தியது அந்த ஓடிபி வரிதான். மற்றவர்கள் இதைச் சின்ன விஷயம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சொந்தக் கார் ஓட்டி, சொந்தச் சம்பளத்தில் வாழ்ந்த பெண், அரை கிலோ தக்காளிக்காகத் தொழிற்சாலை மீட்டிங்கில் இருக்கும் கணவரிடம் ஆறு எண்களைக் கேட்டு நிற்கிறார். ஒரு நாளைக்கு மூன்று முறை, மாதத்துக்குத் தொண்ணூறு முறை. உங்கள் அழுகையில் பாதி இங்கிருந்துதான் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த மாதம் வேறு எதுவும் நடக்காவிட்டாலும் இதைச் சரிசெய்யுங்கள்.

முதலில் உங்கள் பேரில் ஒரு சிம். பாஸ்போர்ட், விசா, வீட்டு முகவரி ஆதாரத்தோடு செல்போன் கம்பெனியின் சொந்தக் கடைக்கே போங்கள், தெருமுனைக் கடையில் வேண்டாம். அடுத்து பான் கார்டு. வெளிநாட்டவருக்கும் கிடைக்கும். அப்புறம் வங்கி. கணவருக்குச் சம்பளம் வரும் கிளைக்கே இருவரும் சேர்ந்து போய், கூட்டுக் கணக்காக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட், விசா, எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) கொடுத்த பதிவுச் சான்று, வாடகை ஒப்பந்தம், கம்பெனிக் கடிதம், எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். முகவரி எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். "இரண்டாவது குறுக்குத் தெரு" என்று ஒன்றிலும் "2வது தெரு" என்று இன்னொன்றிலும் இருந்தால் அதற்கே இன்னொரு நாள் அலைய வைப்பார்கள். கணக்கு வந்ததும் உங்கள் எண்ணிலேயே யுபிஐ போட்டுக்கொள்ளலாம். அதன் பிறகு ஆட்டோக்காரர் "கேஷா, ஜிபேயா?" என்று கேட்கும்போது பதில் உங்களிடமே இருக்கும். ஆதார் அட்டையும் உங்களுக்கு உண்டு. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். ஜூனில் வந்தவர் என்பதால் டிசம்பரில் அந்தக் கணக்கு நிறைந்துவிடும். இடையில் வீடு மாறினால் எஃப்ஆர்ஆர்ஓ இணையதளத்தில் முகவரி மாற்றத்தைச் சொல்ல மறக்காதீர்கள்.

வேலை விஷயம் வருத்தமானது. கணவரோடு வரும் துணைக்குக் கொடுக்கும் நுழைவு விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. சம்பளம் இல்லாத தொண்டு வேலைக்குக்கூட விசா நிபந்தனையைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆனால் வாரத்தில் இரண்டு நாள், குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய ஓர் இடம் உங்களுக்கு வேண்டும். பாட்டு வகுப்போ நீச்சலோ காலை நடைக் கூட்டமோ, எதுவானாலும் சரி. நீங்கள் வரவில்லை என்றால் "ஏன் வரல?" என்று ஒருவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் கணவர் கெட்டவர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். அவருக்குத் தொழிற்சாலையில் ஒரு பதவி இருக்கிறது, ஒரு குழு இருக்கிறது, மதியச் சாப்பாட்டுக்குக் கூட ஆள் இருக்கிறது. அவர் வெளிநாட்டுக்கு வந்தாலும் வேலைக்குள்ளேயே இருக்கிறார். ஊருக்கு வந்து சேர்ந்தவர் உங்கள் வீட்டில் நீங்கள் ஒருவர்தான். இதை அவரிடம் குற்றமாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள். 1980களின் தொடக்கத்தில் ரோசலி டங் என்ற பேராசிரியர், வெளிநாட்டுப் பணி ஏன் தோற்றுப்போகிறது என்று அமெரிக்க நிறுவனங்களிடம் விசாரித்தார். முதலிடத்தில் வந்த பதில், கூடப் போன வாழ்க்கைத் துணையால் புது இடத்தில் பொருந்த முடியவில்லை என்பது. பணியாளரின் திறமைக் குறைவு அதற்கு ரொம்பக் கீழேதான் வந்தது. கம்பெனியின் மனிதவளத் துறைக்கு இது தெரியாத செய்தி இல்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை விடுப்பு, வங்கி வேலைக்கு ஒரு நாள், வருஷத்தில் ஒருமுறை ஊர்ப் பயணம், இந்த மூன்றையும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னும் சில வாரத்தில் மழை வரும். பட்டர்வொர்த்தில் வருஷம் முழுக்கப் பெய்வதைப் பார்த்தவர் நீங்கள், ஆனால் இது வேறு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. சில நாளில் மொத்தமாகக் கொட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் போரூருக்குப் பக்கத்தில் முகலிவாக்கமும் மணப்பாக்கமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. மூன்றாவது மாடி என்பதால் வீட்டுக்குள் தண்ணீர் வராது. ஆனால் கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் குழாயில் தண்ணீர் இல்லை. நான்கு கேன் குடிநீர், இரண்டு பெரிய வாளியில் புழங்கும் தண்ணீர், பவர் பேங்க், கொஞ்சம் ரொக்கம், பால் பவுடர் தயாராக இருக்கட்டும். நெட்வொர்க் போனால் ஜிபேயும் போய்விடும். கார் கீழ்த்தளத்தில் நிற்கிறது என்றால், மழை எச்சரிக்கை வந்ததும் எங்கே ஏற்றி நிறுத்துவது என்று வாட்ச்மேனிடம் இப்போதே கேட்டு வையுங்கள். வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் காரை நிறுத்துவதை டிவியில் பார்ப்பீர்கள்.

மழையோடு தீபாவளியும் வருகிறது. உங்கள் ஊர் வழக்கப்படி திறந்த இல்லம் வையுங்கள். சென்னையில் தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுக்குப் பலகாரத் தட்டு அனுப்புவார்கள், தட்டு திரும்பி வரும்போது அதில் அவர்கள் வீட்டுப் பலகாரம் இருக்கும். கதவைத் திறந்து வைத்து எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சாப்பாடு போடும் வழக்கம் இங்கே அவ்வளவாக இல்லை. வீட்டுக்காரம்மா, வாட்ச்மேன் குடும்பம், "என்ன ஆளுங்க" என்று கேட்டவர், மகனின் வகுப்புப் பிள்ளைகள், எல்லோரையும் கூப்பிடுங்கள். நெய் உருண்டையும் முறுக்கும் அவர்களுக்குத் தெரியும். சம்பலும் தேங்காய்ப்பால் சோறும் தெரியாது. மூன்று மாதமாக இந்தக் கட்டடத்தில் வழி கேட்கிறவராகவே இருந்திருக்கிறீர்கள். அந்த ஒரு நாள் நீங்கள் பரிமாறுகிறவர், அவர்கள் "இது என்னங்க?" என்று கேட்கிறவர்கள்.

டிசம்பரில் திரும்பிவிடலாமா என்ற கேள்விக்கு என் பதில், டிசம்பரில் முடிவு எடுக்காதீர்கள். 1955இல் லிஸ்கார்ட் என்ற நார்வே நாட்டு ஆய்வாளர், அமெரிக்கா போய்வந்த தம் நாட்டு மாணவர்களையும் அறிஞர்களையும் விசாரித்து எழுதினார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களைவிட, 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களைவிட, இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் அதிகம் தவித்திருந்தார்கள். எல்லோருக்கும் இதே கணக்கு பொருந்தாது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, என் அனுபவமும் அதுதான். இருந்தாலும் உங்களுக்கு ஆறாவது மாதம் என்பது மழை, பள்ளித் தேர்வு, ஊரில் வருஷக் கடைசிக் கொண்டாட்டப் படங்கள் எல்லாம் சேர்ந்து வரும் மாதம். பள்ளத்தின் அடியில் நின்றுகொண்டு வழி பார்க்க வேண்டாம். டிசம்பரில் டிக்கெட் போட்டுப் பத்து நாள் ஊருக்குப் போய்வாருங்கள், திரும்பி வரும் டிக்கெட்டோடு. பொங்கல் முடிந்து பிப்ரவரி முதல் வாரத்தில் கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். சொந்த போன், சொந்தக் கணக்கு, போக ஓர் இடம், பேச ஒரு பெண், இந்த நான்கும் வந்த பிறகும் இதே நிலை என்றால், திரும்பிப் போவதில் எந்தத் தோல்வியும் இல்லை. அப்போது நானே போகச் சொல்வேன்.

ஒன்று மட்டும் தள்ளிப் போடக் கூடாது. தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் அழுகை, தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே கணவரிடம் சொல்லுங்கள். 14416 என்பது அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், நாள் முழுக்க இயங்கும், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக உங்கள் மகன். காலையில் ஆசிரியை "சாப்பிட்டியா?" என்று கேட்டதற்கு அவன் "பசியாறிட்டேன் டீச்சர்" என்றான், வகுப்பே சிரித்தது, அன்றிலிருந்து வீட்டிலும் தமிழில் பேச மறுக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மனம் கஷ்டமாக இருந்தது. அவன் சொன்னது தப்பான தமிழ் இல்லை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இன்றைக்கும் முஸ்லிம் வீடுகளில் காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுதல் என்றுதான் பெயர். வடலூரில் 1867இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. வந்தவர்களுக்கெல்லாம் அங்கே சோறு போடும் வேலைக்கு அவர் வைத்த சொல் பசியாற்றுவித்தல். சென்னை "டிபன்" என்று மாறிப்போனது, உங்கள் ஊர் பழைய சொல்லை வைத்துக்கொண்டது. இதை அவனுக்குக் கதையாகச் சொல்லுங்கள். சடக்கு (சாலை), சீனி (சர்க்கரை) என்று அவன் வாயில் வரும் மற்றச் சொற்களையும் வீட்டில் திருத்தாதீர்கள். பள்ளிக்கூடத்துத் தமிழ் தானாக வரும், பிள்ளைகளுக்கு இரண்டும் ஒட்டும்.

ஆசிரியையிடம் புகாராகக் கொண்டுபோக வேண்டாம். பள்ளி விட்டதும் நேரில் போய்ப் பாருங்கள், டைரியில் எழுதி அனுப்பினால் வேலை நடக்காது. "டீச்சர், ஒரு நாள் அஞ்சு நிமிஷம் இவன் எங்க ஊரைப் பத்தி வகுப்புல பேசட்டுமா?" என்று கேளுங்கள். பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குக் கடலைக் கடந்து போகும் ஃபெரியைப் பற்றிப் பேசட்டும். கையில் ஒரு படம் இருக்கட்டும். கடல் தாண்டிக் கடைக்குப் போய்வருகிற ஊர் என்றால் எட்டு வயதுப் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு கேட்பார்கள். கேள்விகள் வரும். அவன் பதில் சொல்லட்டும், அவனுடைய தமிழிலேயே. அன்றைக்கு அவனுக்குப் பக்கத்தில் உட்காரும் பையனின் பெயரைக் கேட்டு வைத்து, தீபாவளிக்கு முதல் அழைப்பை அந்த வீட்டுக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்